அவளையே கேளுங்க

மரக்காணம்
3-2-2025

அன்புப் பேத்தி பூவிழிக்கு,

உன் தாத்தா பாவாடை எழுதுகிறேன். நான் சொல்ல வேறு யாரோ எழுதியது இல்லை. நானே எழுதுகிறேன். இங்கே நானும் என் முட்டி வலியும் ஒருவரை ஒருவர் விடாமல் சௌக்கியமாக இருக்கிறோம். உன் கழுத்துக் கட்டி எப்படி இருக்கிறது? காய்ச்சல் விட்டதா? சோறு இறங்குகிறதா?

பள்ளிக்கூடத்தில் சாயந்திரம் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடப்பது உனக்குத் தெரியும். நீ சென்னைக்குப் போனதிலிருந்து நான் ஒரு நாளும் தவறவில்லை. போன வாரம் மேரிசெல்வி டீச்சர் என் நோட்டைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். பக்கத்தில் உட்காரும் தனகோடிக்கு அது பொறுக்கவில்லை. "ஏம்பா, பேனாவையும் உப்பு வார்ற பலகை மாதிரியே புடிக்கிறியே, பேப்பர் கிழிஞ்சிடப் போவுது" என்றான். கிழிந்தால் கிழியட்டும், எழுத்து வந்துவிட்டதே என்றேன்.

போனில் பேசலாம்தான். ஆனால் போனில் எனக்குப் பாதிதான் காதில் விழுகிறது. மீதியை நானே சேர்த்துக்கொள்கிறேன். அதுவும் உன் அம்மாவின் போன். நீ பேசும்போது அவள் பக்கத்தில் நின்று அழுகிறாள். யார் பேசுவது, யார் அழுவது என்று எனக்குப் பிடிபடவில்லை.

இதைக் காலையில் ஆரம்பித்தேன். உப்பளத்துப் பாத்திக்குத் தண்ணீர் விட்டு வந்து கொஞ்சம், சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம். ஒரு தபால் கார்டு போதாமல் மூன்று கார்டு ஆகிவிட்டது. நம்பர் போட்டிருக்கிறேன், வரிசையாகப் படி. இன்னும் கார்டு வாங்கப் போனபோது தபாலாபீஸ் பொன்னம்மாள் முதல் கார்டைத் திருப்பிப் பார்த்து, "பெரியவரே, நீங்களா எழுதினது? கையெழுத்து ஜோரா இருக்குது" என்றாள். எனக்கு வெயிலே உறைக்கவில்லை.

டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது. உன் அப்பா அம்மாவைக் கேட்டால் எல்லாம் நல்லபடியா போவுது என்று மட்டும் சொல்கிறார்கள்.

கையெழுத்துப் போடத் தெரிந்த உன் தாத்தா,
பாவாடை


சென்னை
8-2-2025

அன்புள்ள தாத்தாவுக்கு,

மூன்று கார்டும் வந்தன. இரண்டாம் நம்பர் முதலில் வந்தது. அதனால் நீங்கள் தனகோடி தாத்தாவோடு சண்டை போட்டுவிட்டுத்தான் என் உடம்பை விசாரித்தீர்கள். எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. கட்டி அப்படியே இருக்கிறது, வலி இல்லை. அம்மா இளைத்துவிட்டாள். உங்கள் முட்டிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா?

தாத்தா, கடிதத்தை நீங்களே படிக்கிறீர்கள் என்பதால் இதை எழுதுகிறேன். முன்பு என்றால் யாராவது படித்துக் காட்ட வேண்டும், எழுதியிருக்கவே மாட்டேன்.

இது நிணநீர்ப் புற்றுநோய். மருந்து போட்டால் குணமாகும் வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் அரவிந்தன் என்னிடமே சொன்னார். பிறகு என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு அப்பா அம்மாவிடம் தனியாகப் பேசினார். கதவு சரியாகச் சாத்தவில்லை. எனக்குத் தேவைப்படும் மருந்தால் பின்னாளில் குழந்தை பிறக்காமல் போகலாமாம். மருந்து தொடங்கும் முன்பே கருமுட்டையை எடுத்துக் குளிரில் பத்திரமாக வைக்க ஒரு வழி இருக்கிறதாம். அதற்கு இரண்டு வாரம் பொறுக்க வேண்டும், அவ்வளவு பொறுத்தால் எனக்கு ஆபத்தில்லை என்றும் சொன்னார். பெண்ணிடமும் பேசுங்கள் என்றார்.

அம்மா, "அதெல்லாம் வேணாம் சார், உசுரு பொழச்சாப் போதும்" என்றாள். அப்பா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். வெளியே வந்து, மருந்து கொஞ்சம் சூடாம், மோர் நிறையக் குடிக்கணுமாம் என்றார்கள்.

எனக்குப் பதினாறு வயது. எனக்குப் பிள்ளை வேண்டுமா வேண்டாமா என்று எனக்கே தெரியாது. பிளஸ் ஒன் பாடத்தையே இன்னும் முடிக்கவில்லை. ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? இந்த மாதக் கடைசியில் மருந்து தொடங்குகிறார்கள். தினமும் மோர் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருக்கிறேன்.

யாரிடமும் சொல்லாதீர்கள்.

உங்கள் அன்புப் பேத்தி,
பூவிழி


மரக்காணம்
12-2-2025

அன்புப் பேத்தி பூவிழிக்கு,

நானும் முட்டியும் முன்னே சொன்னபடியே இருக்கிறோம். நீ தைரியமாக இரு.

முட்டை விஷயம் படித்தேன். இரண்டு முறை படித்தேன். முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தேன், பிறகு அர்த்தத்துக்காகப் படித்தேன். யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். தனகோடி கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டான். இடுப்பில் செருகிக்கொண்டேன்.

உன்னைக் கேட்காதது சரியில்லை. பிள்ளை பிறக்குமா பிறக்காதா என்பது உன் உடம்பு சமாச்சாரம். அதைக் கதவுக்கு அந்தப் பக்கம் பேசி முடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. முட்டையை எடுத்து வைப்பதோ வேண்டாம் என்பதோ நீ சொல். உனக்கு விஷயம் தெரியும் என்று உன் அம்மாவுக்குத் தெரியாது. நீயே டாக்டரைக் கேள். பயமாக இருந்தால் நர்சை முதலில் கேள். நாள் குறைவாக இருக்கிறது, தள்ளிப் போடாதே.

கார்டு முடிந்தது. இடம் இல்லை.

தாத்தா பாவாடை


சென்னை
16-2-2025

அப்பாவுக்கு,

அம்சவல்லி எழுதுகிறேன். உங்கள் உடம்பு நன்றாக இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம்.

உங்கள் கார்டு வந்தது. பூவிழி கைக்கு வரவில்லை. நாங்கள் தங்கியிருக்கும் விடுதி வாசலில் வாட்ச்மேன் கையில் இருந்து, பிறகு சமையல் கூடத்து ஜன்னலில் இருந்து, காலை டிபன் நேரத்தில் என் கைக்கு வந்தது. அதற்குள் அங்கே இருந்த எல்லா அம்மாக்களும் படித்துவிட்டார்கள். ஒருத்தி தட்டை வைத்துக்கொண்டே, "அக்கா, உங்க பொண்ணுக்கு முட்டை எடுக்கப் போறாங்களாமே, எந்த ஆஸ்பத்திரியில?" என்று கேட்டாள். டிபன் வாங்காமல் அறைக்கு வந்துவிட்டேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கார்டில் எழுதி அனுப்பியிருக்கிறீர்களே அப்பா.

பெரிய எழுத்தில், தெளிவாக வேறு எழுதியிருக்கிறீர்கள்.

கல்யாணமாகி எத்தனை வருஷம் கழித்து எனக்குப் பூவிழி பிறந்தாள் என்று உங்களுக்குத் தெரியும். அத்தனை வருஷமும் நம் சொந்தத்தில் ஒரு வளைகாப்புக்கு நான் போனால், வளையல் தட்டு என் பக்கம் வரும்போது மட்டும் கை மாறிப் போகும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தட்டு மட்டும் திரும்பிவிடும். அதை என் மகள் இந்த வயதிலேயே நினைத்துக்கொண்டு படுக்க வேண்டாம் என்றுதான் வாயை மூடிக்கொண்டேன். தினமும் அவள் தலையைப் பின்னும்போது அந்தக் கட்டி என் விரலில் படுகிறது. இரண்டு வாரம் பொறுத்தால் ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பின்னுவது நான் இல்லையா?

கொஞ்ச நாள் எழுத வேண்டாம்.

அம்சவல்லி


மரக்காணம்
19-2-2025

அன்பு மகள் அம்சவல்லிக்கு,

எழுத வேண்டாம் என்று நீ எழுதியதைப் படித்தேன். அதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நீ சாப்பிடு. இளைத்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். இதை உறையில் போட்டுச் சோற்றால் இரண்டு தரம் ஒட்டியிருக்கிறேன்.

கார்டு விஷயத்தில் தப்பு என்னுடையது. நேற்றுவரை எழுத்து என்றால் எனக்குச் சாத்தின கதவு. தபால்காரர் கையில் திறந்து கிடக்கும் கார்டும் எனக்குச் சாத்தினதுதான். நான் எழுதினால் அவள் மட்டும் படிப்பாள் என்று இருந்துவிட்டேன். ஊரில் எல்லாருக்கும் முன்னாலேயே படிக்கத் தெரியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அந்தச் சமையல் கூடத்தில் நீ நின்றதை நினைத்தால் கை ஓடவில்லை.

ஆனால் கார்டில் இருந்த விஷயம் தப்பில்லை அம்சா. பூவிழிக்கு எல்லாம் தெரியும். தெரியாதவள் மாதிரி உனக்காக மோர் குடித்துக்கொண்டிருக்கிறாள். தட்டு திரும்பிப் போனது உனக்கு வலித்தது. இப்போது பேச்சே அவளைத் தாண்டித் திரும்பிப் போகிறது.

அவள் வேண்டாம் என்று சொன்னால் நான் வாயைத் திறக்க மாட்டேன். வேண்டும் என்றாலும் நீதான் பக்கத்தில் இருக்கப் போகிறாய்.

நேற்று ஆரோவில் பக்கம் ஒரு வேலை இருந்தது, போய் வந்தேன். மாப்பிள்ளையையும் அவர் வேலை செய்கிற மரப் பட்டறையில் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல டீ.

உன் அப்பா,
பாவாடை


சென்னை
25-2-2025

அன்புள்ள தாத்தாவுக்கு,

நான் நலம். இந்த முறை உண்மையாகவே நலம். உங்கள் முட்டி எப்படி இருக்கிறது? ஆரோவில் போய் வந்தபின் வீங்கிவிட்டதாக அப்பா சொன்னார்.

நேற்று டாக்டர் அறைக்கு நானும் அம்மாவும் போனோம். ஸ்கேன் பற்றி அவர் சொல்லி முடித்ததும் நான் கேட்டுவிட்டேன். "சார், இந்த மருந்தால எனக்குப் பின்னாடி குழந்தை இல்லாமப் போலாம்னு சொன்னீங்க. அதை என்கிட்ட ஏன் சொல்லல?"  கேள்வி முழுதாக வந்துவிட்டது.

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா மடியில் இருந்த பையைப் பார்த்தாள். அப்போதுதான் கதவருகே அப்பா நிற்பதைப் பார்த்தேன். வருவதாக யாரிடமும் சொல்லவில்லை. பட்டறைச் சட்டையோடு, முடியெல்லாம் மரத்தூளோடு வந்திருந்தார்.

"அவளையே கேளுங்க சார்" என்றார். "நாங்க கேக்காம விட்டுட்டோம்."

டாக்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து சொன்னார். தினமும் ஊசி, பிறகு ஒரு நாள் மயக்க மருந்து. கிடைத்தாலும் பின்னாளில் குழந்தை நிச்சயம் என்று சொல்ல முடியாது. நாளைக்கு எனக்கு வேண்டாம் என்று தோன்றினால் அப்போது வேண்டாம் என்று சொல்லலாமா என்று கேட்டேன். சொல்லலாம் என்றார். அப்படியென்றால் எடுத்து வையுங்கள் என்றேன். வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியாது தாத்தா. தெரிகிற வயது வரும்போது கையில் ஒன்று இருக்கட்டும் என்று தோன்றியது.

அப்பாவும் அம்மாவும் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே வந்ததும் அம்மா என் துப்பட்டாவைச் சரி செய்தாள். சரியாக இருந்த துப்பட்டாதான்.

பஸ் ஏறும் முன் அப்பா என்னிடம் சொன்னார்: "உங்க தாத்தா பட்டறை வாசல்ல வந்து நின்னாரு. ஒண்ணுமே பேசல. டீ வாங்கிக் குடுத்தா குடிச்சாரு, மறுபடியும் நின்னாரு. கெளம்பும்போதுதான், 'மாப்ள, அவளைக் கேட்டீங்களா?'ன்னாரு. எனக்கு அப்புறம் ஆணியே அடிக்க வரல."

வேலையாகப் போனேன் என்று அம்மாவுக்கு எழுதியிருந்தீர்களாமே. என்ன வேலை தாத்தா?

உங்கள்,
பூவிழி


மரக்காணம்
1-3-2025

என் தங்கமான பேத்தி பூவிழிக்கு,

ஊசி வலிக்கிறதா? வலித்தால் வலிக்கிறது என்று சொல்லிவிடு, பொறுத்துக்கொண்டு நல்ல பேர் வாங்க வேண்டாம். அம்மா சாப்பிடுகிறாளா? என் முட்டி வீங்கியது உண்மை, வடிந்ததும் உண்மை.

உன் கடிதத்தை வகுப்புக்குப் போகும் வழியில் பிரித்தேன். அன்று வகுப்புக்குப் போகவில்லை. உப்பளத்து வரப்பில் உட்கார்ந்து படித்தேன். டாக்டரை நீ கேட்ட அந்த வரியில் ரொம்ப நேரம் விரலை வைத்திருந்தேன். இந்த உப்பளத்தில் எனக்குக் கூலி குறைத்தபோதும், கண் கூசி நான் விழுந்தபோதும், மேஸ்திரி முன்னால் ஒரு கேள்வி முழுதாக எனக்கு வந்ததில்லை. பாதியில் நின்றுவிடும். உனக்கு முழுதாக வந்திருக்கிறது.

எழுந்து நடந்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லாப் பாத்தியையும் ஒரு சுற்று சுற்றி வந்தேன். இந்த வருஷம் உப்பு சீக்கிரம் பூத்திருக்கிறது. தனகோடி வந்து, "என்னா பெருசு, மாப்ள மாதிரி நடக்குறே, பொண்ணு பார்க்கப் போறியா?" என்றான். காற்று நல்லா இருக்குதுப்பா, அதான் என்றேன். காற்றே இல்லை. அவன் நாலா பக்கமும் பார்த்துவிட்டுப் போனான். சொல்ல முடியாத பெருமை தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது, அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

நீ கேட்டாயே என்ன வேலை என்று. உன் அப்பாவிடம் அந்த ஒரு கேள்வி கேட்டேனே, அதுதான் வேலை.

உன் தாத்தா,
பாவாடை


சென்னை
14-4-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

புத்தாண்டும் அதுவுமாக எழுதுகிறேன். உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கிறது? பனியனோடு வெயிலில் நிற்காதீர்கள்.

நீங்கள் அடுத்தடுத்துப் போட்ட உறைகள் எல்லாம் வந்தன. பதில் வராததால் பயந்திருப்பீர்கள். பூவிழியால் பேனா பிடிக்க முடியவில்லை. மருந்து ஏறிய மறுநாள் தண்ணீரும் தங்குவதில்லை. போன வாரம் முடி கொட்டத் தொடங்கியது. அவள் அப்பா வந்து மொட்டை அடித்துவிட்டார். கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "அப்பா, நான் அப்படியே தாத்தா மாதிரி இருக்கேன்" என்று சிரித்தாள். அவர் கக்கூஸுக்குப் போய் அழுதுவிட்டு வந்தார்.

மருந்துக்கு முன்னால் எடுக்க வேண்டியதை எடுத்து வைத்தார்கள். நினைத்ததை விடக் குறைவாகத்தான் கிடைத்தது. டாக்டர் உள்ளதைச் சொன்னார், ஆசை காட்டவில்லை. நான் தாங்காமல் அவள் கட்டிலில் தலை வைத்து அழுதுவிட்டேன். அவள் மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் என் தலையைத் தடவி, "இருக்கிறது இருக்கட்டும்மா. நீ அழுவுறதுக்கு என்னைக் கேட்டியா?" என்றாள். நான் சிரித்துவிட்டேன் அப்பா. அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன்.

நர்ஸ் கிருபா இவளைப் பற்றி மற்ற வார்டிலும் சொல்கிறாளாம். என்ன சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

நீங்கள் இனிமேல் உறை போட வேண்டாம். கார்டிலேயே எழுதுங்கள். உப்பளத்துச் சேதி, தனகோடி சேதி எல்லாம் எழுதுங்கள். "உங்கப்பா கார்டு வரலியா?" என்று சமையல் கூடத்தில் கேட்கிறார்கள்.

உங்கள் மகள்,
அம்சவல்லி


சென்னை
20-7-2025

அன்புள்ள தாத்தாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன், இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன். உங்கள் முட்டியும் நீங்களும் எப்படி? மருந்து எல்லாம் முடிந்துவிட்டது. ஸ்கேனில் கட்டி தெரியவில்லை. இன்னும் பரிசோதனைக்கு வரச் சொல்வார்கள். அதனால் அடுத்த மாதக் கடைசி வரை விடுதியில்தான் இருப்போம். தலையில் புல் மாதிரி முடி வருகிறது.

நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டும். பக்கத்து அறைக்கு ஷாலினி என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். என்னை விடச் சின்னவள். அவளுக்கும் மருந்து தொடங்கப் போகிறார்கள். அவள் அப்பா அம்மா தாழ்வாரத்தில் நின்று ரகசியமாகப் பேசுவதும், அவள் வந்தால் நிறுத்துவதுமாக இருந்தார்கள். எனக்கு அந்தப் பேச்சு நன்றாகத் தெரியும்.

மாடியில் துணி எடுக்கப் போனேன். கொடியில் தொங்கிய போர்வைக்கு அந்தப் பக்கம் அம்மா குரல் கேட்டது.

"பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா அக்கா?"

"அதுக்கு என்னா தெரியும்? சின்னப் பொண்ணு" என்றார் பக்கத்து அறை அம்மா.

"நானும் அப்படித்தான் இருந்தேன். என் பொண்ணு டாக்டர் முன்னாடியே கேட்டுட்டா, ஏன் என்கிட்ட சொல்லலன்னு. அன்னிக்கு எனக்குத் தலையைத் தூக்க முடியல."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா. இப்ப தூக்கிக்கினுதான் நடக்குறேன்."

நான் துணியை எடுக்காமலேயே இறங்கிவிட்டேன். நான் அங்கே நின்று கேட்டது அம்மாவுக்குத் தெரியாது. சாயந்திரம் அந்தப் பெண்ணே என் அறைக்கு வந்து கதவருகே நின்று, "அக்கா, அந்த ஊசி வலிக்குமா?" என்று கேட்டாள். சொல்லிவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டேன். வலிக்கும் என்றேன். எங்கே, எவ்வளவு நேரம் என்று உள்ளதைச் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து முழுதும் கேட்டுக்கொண்டாள்.

உங்கள்,
பூவிழி


மரக்காணம்
26-7-2025

அன்புப் பேத்தி பூவிழிக்கு,

கட்டி தெரியவில்லை என்ற வரியைப் படித்துவிட்டு வாசல் மாரியம்மனுக்கு உப்பு கொட்டிவிட்டு வந்து மீதியைப் படித்தேன். இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிடு. உன் அம்மாவுக்கும் கேட்டு வாங்கு.

ஒரு காரியமாக எழுதுகிறேன். சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்பு ஆட்கள் ஒவ்வொருவரும் மேடையேறி எதையாவது படித்துக் காட்ட வேண்டும். தனகோடி ரேஷன் கடை அறிவிப்பைப் படிக்கப் போகிறானாம். மனப்பாடமே செய்துவிட்டான். டீச்சர் என்னை, உங்களுக்கு வந்த கடிதம் ஒன்றைப் படியுங்கள் என்றார். உன் கடைசிக் கடிதத்தைப் படிக்க ஆசையாக இருக்கிறது. என் மகள் தலையைத் தூக்கிக்கொண்டு நடப்பதை இந்த ஊர் கேட்க வேண்டும் என்று ஆசை. என் பேத்தி டாக்டரைக் கேட்டதை, வளையல் தட்டைத் திருப்பிக்கொண்டு போன கைகள் எல்லாம் வந்து உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று ஆசை.

ஆனால் ஊர் வாய் உனக்குத் தெரியும். படித்தால் உனக்கு என்ன ஆயிற்று, என்ன எடுத்து வைத்தார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். திருப்பி வாங்க முடியாது. உன்னைக் கேட்காமல் ஒரு தரம் ஊருக்கே படிக்கக் கொடுத்தவன் நான். அதனால் கேட்கிறேன். படிக்கட்டுமா? வேண்டாம் என்றால் நானும் ரேஷன் கடை அறிவிப்பையே படிக்கிறேன்.

உன் தாத்தா,
பாவாடை


சென்னை
2-8-2025

அன்புள்ள தாத்தாவுக்கு,

இங்கே மழை, மற்றபடி எல்லாரும் நலம். உங்களுக்கு மேடை ஏறக் கைப்பிடி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படியுங்கள். ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன். அம்மாவையும் கேட்டேன், போர்வைக்குப் பின்னால் நான் நின்றதையும் சொன்னேன். அம்மா முகம் சிவந்துவிட்டது. "சத்தமாப் படிக்கச் சொல்லு, அவருக்குத்தான் காது கேக்காது, ஊருக்குக் கேக்கும்" என்றாள். எனக்கு நடந்ததில் மறைக்க ஒன்றும் இல்லை. என் பெயரைச் சொல்லியே படியுங்கள்.

ஒன்று மட்டும். ஷாலினி பெயர் வரும் இடத்தில் அதைப் படிக்காதீர்கள். அவள் எந்த ஊர், யார் சொந்தம் என்று நமக்குத் தெரியாது. அவள் இப்போது சிகிச்சையில் இருக்கிறாள், அவளை நான் இன்னும் கேட்கவில்லை.

உங்கள்,
பூவிழி


மரக்காணம்
16-8-2025

அன்புப் பேத்தி பூவிழிக்கு,

மேடையில் கைப்பிடி இல்லை. மேரிசெல்வி டீச்சர் தோளைப் பிடித்து ஏறினேன். எல்லாரும் சௌக்கியமா என்று அங்கே நின்றே கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தேன். சிரித்தார்கள்.

சத்தமாகப் படித்தேன். முதலில் உன் பெயர். பிறகு உனக்கு என்ன நோய், டாக்டரிடம் நீ என்ன கேட்டாய் என்று நானே சொன்னேன். அதன் பிறகு கடிதம். நம் உறவில் ஒரு பெரியவள் பாதியில் எழுந்து போனாள். மற்றவர்கள் இருந்தார்கள். பொன்னம்மாள் முன்னால் நகர்ந்து வந்து உட்கார்ந்தாள். என் குரல் மைக்கில் எனக்கே புதிதாக இருந்தது.

அந்தப் பெண்ணின் பெயரைத் தாண்டிப் படிக்க வீட்டில் பழகியிருந்தேன். மேடையில் விரல் அங்கே வந்ததும் நின்றுவிட்டது. விரல் வைத்துப் படிக்கிறவனுக்குத் தாண்ட வரவில்லை. மைக்கில் என் மூச்சு மட்டும் கேட்டது.

"என்னா பெருசு, மாட்டிக்கினியா? எழுத்து தெரியலையா?" என்று தனகோடி கீழே இருந்து கத்தினான். அவன் அறிவிப்பை ஒரு தடங்கல் இல்லாமல் ஒப்பித்துவிட்டு இறங்கியிருந்தான்.

அந்தப் பெண்ணை இன்னும் கேட்கவில்லை, அதனால் படிக்கவில்லை என்று சொன்னால், யாரை, யார் அவள், எந்த ஊர் என்று மேடையிலேயே தொடங்கிவிடுவார்கள்.

"ஆமாம்ப்பா, தெரியல" என்றேன்.

பள்ளிக்கூடமே சிரித்தது. டீச்சர் பதறிப்போய், நான் படித்துக் காட்டுகிறேன் என்று பக்கத்தில் வந்தார். தாளை நெஞ்சோடு மடித்துக்கொண்டேன். பிறகு அடுத்த வரியிலிருந்து கடைசி வரைக்கும் நிற்காமல் படித்தேன். அம்சா தலையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் இடத்தை இரண்டு தரம் படித்தேன்.

டீச்சருக்கு என் மேல் வருத்தம். நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவர் இப்படி ஒரு வார்த்தையில் நின்றுவிட்டீர்களே என்று, மறுபடியும் 'அ' முதல் எல்லா எழுத்தையும் பத்துப் பத்து முறை எழுதி வரச் சொல்லியிருக்கிறார். தனகோடி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன் தாத்தா,
பாவாடை